முறை வைத்து உறங்குகிறவர்கள்

பேஸ்லைன் வீதியால் பொரளைப் பக்கம் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் கொழும்பின் வெலிக்கடைச் சிறையின் மதில் தெரியும். கைதிகளும் மனிதர்களே என்று அதில் எழுதி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் அந்த இடத்தைக் கடக்கும்போது, இதை ஏன் எழுதி வைக்க வேண்டும், யாருக்கு இதில் சந்தேகம் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை. 1983 ஜூலையில் அந்த மதிலுக்குப் பின்னால் நடந்த தமிழ்க் கைதிகளின் கொலைகளை பஸ்ஸுக்குள் வைத்துத் தமிழில் பேச அவர் விரும்பவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

பல வருடங்கள் கழித்து ‘கராண்டிரு’ என்ற பிறேசில் படத்தைப் பார்த்தபோது அதே கேள்வி திரும்பி வந்தது. எக்டர் பபென்கோ இயக்கி 2003 இல் வெளிவந்த படம். வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் சின்ன அறையில், மடிக்கணினியில், வசன வரிகளின் உதவியுடன் பார்த்தேன். சிறைப் படம் என்றால் எனக்குள் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது: அநியாயமாக உள்ளே போகும் ஒருவர், கொடூரமான ஒரு ஜெயிலர், தப்பிக்கும் திட்டம். இந்தப் படத்தில் அந்த மூன்றும் கிடையாது. நெரிசல் இருக்கிறது. நெரிசலுக்குள் மனிதர்கள் ஓர் ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள்.

கராண்டிரு என்பது சாவோ பாவுலோ நகரத்தின் வடக்கே இருந்த சிறை வளாகம். நம்முடைய வெலிக்கடை மாதிரியே நகரத்துக்குள், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. ஏறத்தாழ 4,000 பேருக்குத்தான் அங்கே இடம். 1990களின் தொடக்கத்தில் 7,000 பேருக்கும் மேல் அடைத்து வைத்திருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் ஒரு கட்டடத்தைக் காவல் காக்க விரல்விட்டு எண்ணக்கூடிய காவலர்கள். 1989 இல் ட்ராவுசியோ வரேல்லா என்ற புற்றுநோய் வைத்தியர் எயிட்ஸ் தடுப்பு வேலைக்காகச் சம்பளம் வாங்காமல் அங்கே போகத் தொடங்கினார். அவரும் சகாக்களும் செய்த இரத்தப் பரிசோதனையில் 17.3 வீதமான கைதிகளுக்கு எச்.ஐ.வி தொற்று இருந்தது தெரியவந்தது. பத்து வருட அனுபவத்தை அவர் 1999 இல் நூலாக எழுதினார். அவரிடம் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர்தான் பபென்கோ. நோயாளி வைத்தியரின் கதையைப் படமாக எடுத்தார் என்று சொல்லலாம். நோயும் கவனிப்பும் படத்தின் ஒவ்வொரு மூலையிலும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

படத்தின் கட்டமைப்பு மிக எளிது. வைத்தியர் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொருவராக வருகிறார்கள். புண், இருமல், சொறி, பயம். மருந்து எழுதும் நேரத்தில் கதை சொல்கிறார்கள். இரண்டு மனைவிமாரை ஒரே நாளில் பார்வையாளர் முற்றத்தில் சமாளிக்கிற ஒருவர். உள்ளே நடக்கும் சண்டைகளுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லும் நேகோ ப்ரெட்டோ. சமையல் பொறுப்பும் நீதி பரிபாலனமும் அவரிடம். லேடி டி என்ற திருநங்கையும் வைத்தியருக்கு எடுபிடியாக இருக்கும் ஒரு குள்ளமான கைதியும் காதலித்துக் கல்யாணம் செய்கிறார்கள். உடன் இருப்பவர்கள் சோடித்த கூடத்தில், வெள்ளை உடுப்பில் அந்தக் கல்யாணம் நடக்கிறது. திரையில் அதைக் கேலியாக எடுப்பது மிகச் சுலபம். பபென்கோ ஒரு கோயில் கல்யாணத்துக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்குக் கொடுத்திருக்கிறார்.

இவர்களில் ஒருவர்கூட ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்று நம்மை இளக வைப்பதில்லை. திருடியிருக்கிறார்கள், வங்கியை உடைத்திருக்கிறார்கள், கொன்றிருக்கிறார்கள். ஸீகோ என்ற இளைஞன், சிறு வயது முதல் கூடப்பிறந்தவனைப் போல வளர்ந்த தெவுஸ்தேத்தைப் போதை வெறியில் கொதிநீர் ஊற்றிக் கொல்கிறான். அதற்குக் கைதிகளே கொடுக்கிற தண்டனையும் கண்கொண்டு பார்க்க முடியாதது. எத்தனையோ பேரைக் கொன்ற இன்னொருவன் திடீரென்று ஒருநாள் கத்தியைத் தூக்க முடியாமல் உடைந்து நிற்கிறான். நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கப் படம் நம்மை விடுவதில்லை.

தமிழ்ப் படங்களோடு பழகிய எனக்கு இது பெரிய வித்தியாசமாகப் பட்டது. ‘மகாநதி’ 1994 இல் வந்தபோது சிறைக்குள் இருக்கும் அசுத்தத்தையும் அவமானத்தையும் தமிழ்த் திரை அவ்வளவு நேராகப் பார்த்தது அபூர்வம். 2015 இன் ‘விசாரணை’ பொலிஸ் அடியின் வலியை நம் முதுகில் இறக்கியது. இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டிலும் நாம் யாருக்காக அழுகிறோமோ அவர் குற்றமற்றவர். அவர் மீது விழும் அடி அநியாயமான அடி. அப்படியானால் குற்றம் செய்தவர் மீது விழுகிற அடி? அவர் கக்கூஸ் வாசலில் படுத்து உறங்குவது? அந்த இடத்துக்கு நம் கண்ணீர் போய்ச் சேர்வதில்லை. ‘கராண்டிரு’ அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது. என்ன செய்துவிட்டு உள்ளே வந்தாய் என்று வைத்தியர் விசாரித்து மருந்து கொடுப்பதில்லை. இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்றுதான் கேட்கிறார்.

நெரிசல் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதையும் இந்தப் படமும் அதற்கு மூலமான நூலும் தெளிவாகக் காட்டுகின்றன. அரசு கைவிட்ட இடத்தில் சந்தை வந்து உட்காரும். கராண்டிருவில் சிறைக்கூடுகளுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். காசு கொடுத்து வாங்கலாம், விடுதலையாகிப் போகும்போது விற்கலாம். காசில்லாதவர் இன்னொருவரின் தயவில் தரையில் படுக்க வேண்டும். அரசாங்கச் சாப்பாடு வாயில் வைக்க முடியாததால் அதையே எடுத்துக் கழுவி, உப்புக் காரம் போட்டுத் திரும்பச் சமைத்தார்கள். உயிருக்கு ஆபத்து உள்ளவர்களை, அதாவது கடன் கட்ட முடியாதவர்களையும் காட்டிக்கொடுத்தவர்களையும், காற்றே வராத தனிப் பகுதி ஒன்றில் அடுக்கி வைத்தார்கள். அவர்கள் மாதக்கணக்கில் வெயிலைக் காணவில்லை.

சந்தையோடு சேர்ந்து சட்டமும் வந்தது. பார்வையாளர் வரும் நாளில் இன்னொருவரின் மனைவியையோ தாயையோ நிமிர்ந்து பார்ப்பது மன்னிக்க முடியாத குற்றம். பெண்கள் நடந்து வரும்போது ஆயிரக்கணக்கான ஆண்கள் தலையைக் குனிந்து வழி விடுவார்கள். யாரும் எழுதி வைத்த விதி கிடையாது, எந்தக் காவலரும் அதை நடைமுறைப்படுத்தவில்லை. எனக்குப் படத்தில் மிகப் பிடித்தது அந்தப் பார்வையாளர் நாள்தான். முதல்நாள் இரவே கூடுகளைக் கழுவுகிறார்கள், சட்டைகளைத் தேய்க்கிறார்கள், திரைச்சீலை தொங்கவிடுகிறார்கள். தீபாவளிக்கு முதல்நாள் நம் வீடுகள் இருப்பது போல அந்தச் சிறை இருக்கிறது.

இந்த இடத்தில் என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரின் மகனை, எனக்குத் தம்பி முறை, சில வருடங்களுக்கு முன் ஒரு வழக்கில் ரிமாண்டில் வைத்தார்கள். வழக்கு என்ன என்பது இங்கே தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் இருந்து விடியற்காலையில் எழும்பி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பாலாணமும் பார்சல் கட்டி, பெரியம்மாவும் நானும் போய் வரிசையில் நின்றோம். வரிசையில் பாதிப்பேர் பெண்கள். மட்டக்குளி, முகத்துவாரம், தெமட்டகொடை என்று பக்கத்து இடங்களில் இருந்து வந்தவர்கள் ஒரு புறம். வவுனியாவில் இருந்து இரவு பஸ் ஏறி வந்தவர்கள் மறுபுறம். தமிழும் சிங்களமும் கலந்து ஒரே பேச்சு: அடுத்த தவணை எப்போது, லோயர் எவ்வளவு கேட்கிறார், பிணைக்கு ஆள் கிடைத்ததா.

கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் எல்லாரும் கத்திக்கொண்டிருந்ததால் பெரியம்மா பேசியது தம்பிக்குச் சரியாகக் கேட்கவில்லை.

“மகன், படுக்க எடம் இருக்கா?”

“இருக்கும்மா.”

“உண்மையச் சொல்லு.”

“முறை வச்சுத்தான் படுக்கிறோம். நான் ரெண்டாவது முறை. நீங்க யோசிக்காதீங்க.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது மட்டும், “ரெண்டாவது முறைன்னா எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்.

அந்தத் தம்பி ஒருவனுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. 2020 இல் வெளியான இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் சிறைச்சாலை ஆய்வு, அப்போதைய ஆணையாளர் அம்பிகா சற்குணநாதன் தலைமையில் நாடு முழுவதும் நடத்தப்பட்டது. முறை வைத்து உறங்குவதும் கழிப்பறையில் படுப்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. நாட்டின் சிறைகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஏறத்தாழ 12,000 பேருக்கு இடம். இருப்பவர்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பலர் சேர்ந்து இருக்கும் அறையில் ஒருவருக்கு 3.4 சதுர மீற்றர் இருக்க வேண்டும் என்று செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு சொல்கிறது. ஒரு பாயை விரித்து, பக்கத்தில் எழும்பி நிற்கவும் பொருட்களை வைக்கவும் அது போதும். நம்முடைய சிறைகளில் பாயே முழுதாக விரிவதில்லை. 1841 இல் வெள்ளைக்காரர் கட்டிய வெலிக்கடைச் சுவர்களையும், 1877 இல் அவர்கள் எழுதிய சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்தையும் வைத்துக்கொண்டுதான் இன்னும் காலம் தள்ளுகிறோம்.

இத்தனை பேர் எங்கிருந்து வருகிறார்கள்? குற்றம் பெருகிவிட்டது என்பது எல்லாரும் சொல்கிற பதில். உள்ளே இருப்பவர்களை வகை பிரித்துப் பார்த்தால் படம் வேறு மாதிரி. பெரும்பான்மையானவர்கள் இன்னும் தண்டனை பெறாத விளக்கமறியல் கைதிகள். தண்டனை பெற்று வருகிறவர்களில் மிகப் பெரிய பங்கு, நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்டக் காசில்லாதவர்கள். போதைப்பொருள் வழக்கு என்றால், பிடிபட்டது என்ன பொருள், எவ்வளவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை தவணை தள்ளிப்போகும். பொருளின் அளவு கூடினால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, அதற்கு மேலுள்ள நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அதற்கு இன்னொரு சட்டத்தரணி, இன்னொரு செலவு. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் பொலிஸார் ஆயிரக்கணக்கானவர்களை அள்ளியபோது, அவர்களை எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வி சிறை அதிகாரிகளின் தலையில் விழுந்தது. காசும் பிணையாளும் உள்ளவர் வீட்டுக்குப் போகிறார், இல்லாதவர் இரண்டாவது முறைக்குக் காத்திருக்கிறார். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இதற்கு மேல் ஒரு சுமை: கையெழுத்து வைக்கிற தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லித்தர ஆள் தேட வேண்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் இருந்த தமிழ்க் கைதிகளைப் பற்றி நாம் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம் அது. 2015 ஒக்டோபரில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தபோது கொழும்பிலும் வடக்கிலும் தெருவில் இறங்கினோம். ஆனால் நம் பேச்சில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அரசியல் கைதி நம்மவர். அதே கூடத்தில் பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் மட்டக்குளிப் பையன் ‘தூள்காரன்’. அவனுக்காக யாரும் பதாகை பிடிப்பதில்லை. அவனும் தமிழ் பேசுகிறவன்தான்.

இந்தக் கோட்டுக்கு ஒரு காரணம் உண்டு, அதை மறைத்துவிட்டு நான் எழுதக் கூடாது. 1983 ஜூலை 25 ஆம் திகதி வெலிக்கடையில் 35 தமிழ்க் கைதிகளும், 27 ஆம் திகதி மேலும் 18 பேரும் கொல்லப்பட்டார்கள். மொத்தம் 53. ஆயுதம் எடுத்து வந்தவர்கள் அதே சிறையில் இருந்த சாதாரணக் கைதிகள். கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. கைதிகளைக் காக்க வேண்டிய கடமை இருந்தவர்கள் காக்கவில்லை. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டாவது முறையும் அது நடக்க விடப்பட்டது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. உயிர் தப்பியவர்கள் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டார்கள். அந்த செப்டெம்பரில் சிறையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். ‘சாதாரணக் கைதி’ என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு தமிழருக்கு எழும் நடுக்கம் அங்கிருந்து வருகிறது. அது எனக்கும் உண்டு.

அதே சிறையில் 2012 நவம்பர் 9 அன்று கொல்லப்பட்ட 27 பேரும் சாதாரணக் கைதிகள்தான். தேடுதலுக்காக விசேட அதிரடிப்படை உள்ளே போனதில் தொடங்கிய மோதல். அடங்கிய பிறகு சிலரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே எடுத்துக் கொன்றார்கள் என்று சாட்சிகள் சொன்னார்கள். ஒன்பது வருடங்களுக்கு மேல் கழித்து, 2022 ஜனவரியில், முன்னாள் சிறை அதிகாரி ஒருவருக்கு கொழும்பு மேல்நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2020 நவம்பர் 29 அன்று மஹர சிறையில் 11 பேர் இறந்தார்கள், நூறுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். கொரோனாக் காலம். மூச்சு முட்டும் கூடத்துக்குள் தொற்று பரவிக்கொண்டிருந்தது, எங்களைப் பரிசோதியுங்கள் என்று கேட்டார்கள். செய்திகளில் அன்று வந்த சொல் ‘கலகம்’.

கராண்டிருவிலும் அதே சொல்லைத்தான் பாவித்தார்கள். 1992 ஒக்டோபர் 2 ஆம் திகதி, ஒன்பதாம் கட்டடத்தில் இரண்டு கைதிகளுக்கிடையில் தொடங்கிய சண்டை கட்டடம் முழுக்கப் பரவியது. முதல் தடவை பிடிபட்டவர்களை வைத்திருந்த கட்டடம் அது. இராணுவப் பொலிஸார் உள்ளே நுழைந்தார்கள். 111 கைதிகள் இறந்தார்கள். பொலிஸ் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அடுத்த நாள் உள்ளூராட்சித் தேர்தல். வாக்களிப்பு முடியும் தறுவாய்வரை சரியான எண்ணிக்கை வெளியே வரவில்லை. படையை வழிநடத்திய அதிகாரிக்கு 2001 இல் 632 வருடச் சிறைத் தண்டனை கிடைத்து, பிறகு அது இரத்தானது. 2013 இலும் 2014 இலும் குற்றவாளிகளாகக் காணப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்ட பொலிஸாரின் தீர்ப்புகளையும் 2016 இல் மேன்முறையீட்டு நீதிபதிகள் இரத்துச் செய்தார்கள். மேல் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்புகளைத் திரும்ப நிலைநிறுத்திய பிறகு, 2022 டிசம்பரில் அப்போதைய ஜனாதிபதியின் பொதுமன்னிப்பும் அவர்களை நோக்கி நீட்டப்பட்டது.

படம் இந்தக் கொலைகளைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளி வைத்திருக்கிறது. இதுதான் அதன் பெரிய தீர்மானம் என்று நான் கருதுகிறேன். அதற்கு முன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக இவர்களோடு பழகிவிட்டோம். யாருக்கு இருமல், யாருக்கு நேற்றுத்தான் கல்யாணம் நடந்தது, யார் யாருக்கு சிகரெட் கடன், எல்லாம் தெரியும். பிறகு சண்டை வருகிறது. கைதிகள் கத்திகளை ஜன்னல் வழியாக வெளியே எறிகிறார்கள். அதன் பிறகும் பொலிஸ் வருகிறது, நாய்கள் வருகின்றன. மாடிப்படியால் தண்ணீரும் இரத்தமும் சேர்ந்து இறங்குகிறது. 111 என்ற எண்ணை முதலில் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கியிருந்தால் நாம் எண்ணைத்தான் பார்த்திருப்போம்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். வெளியே நடந்த பழைய கதைகளைச் சொல்லும் இடங்களில் நிறமும் வெளிச்சமும் கொஞ்சம் கூடிவிடுகின்றன. கொள்ளையும் கொலையும் அங்கே சாகசம் போல ஓடுகின்றன. வைத்தியர் கேட்டுக்கொண்டே இருக்கிறாரே தவிர அவருக்குள் என்ன நடக்கிறது என்பது கடைசிவரை தெரியவில்லை. பொலிஸார் முகமில்லாத கூட்டமாகவே வருகிறார்கள் என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. கைதிகள் சொன்னதைத்தான் நான் கேட்டேன் என்பது வரேல்லாவின் நிலைப்பாடு. அப்படிச் சொல்லிவிட்டுச் செய்வது நேர்மையானது. பிறேசிலில் 46 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரையரங்குக்குப் போய் இதைப் பார்த்தார்கள். அந்த 111 பேரும் சாகத்தான் வேண்டும் என்று சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை.

வெலிக்கடையை வைத்து இப்படியொரு படம் எடுக்க யாராவது முன்வந்தால், ஜூலை 25 இல் ஆரம்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அந்த 53 பேரில் போராளித் தலைவர் குட்டிமணியின் பிடுங்கப்பட்டதாகச் சொல்லப்படும் கண்களைப் பற்றி நமக்குத் தெரியும். அவரோடு இருந்த தங்கத்துரையைத் தெரியும். காந்தியம் அமைப்பில் அகதிகளுக்காக வேலை செய்த வைத்தியர் இராஜசுந்தரத்தையும் சிலருக்குத் தெரியும். மற்றவர்கள் எண்ணிக்கையாக நிற்கிறார்கள். யார் எந்தப் பாயில் படுத்தார்கள், யார் யாருக்குக் கடிதம் வாசித்துக் காட்டினார்கள், ஊரில் இருந்து வந்த பலகாரம் எத்தனை துண்டாகப் பங்கு போனது, முதல்நாள் பின்னேரம் எதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது என்று அந்தப் படம் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் இருந்த சிங்களக் கைதி ஒருவனையும் அந்த வைத்தியரின் மேசைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டும். 24 ஆம் திகதி இரவு அவன் எங்கே படுத்தான், என்ன சாப்பிட்டான், அடுத்த நாள் அவன் கையில் பொல்லைக் கொடுத்தது யார்? அந்தக் காட்சியை எழுதுவது மிகக் கஷ்டம். பார்ப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கும். எனக்கு அதைப் பார்க்க வேண்டும்.

வெலிக்கடையை ஹொரணைப் பக்கம் மாற்றும் திட்டம் பல வருடங்களாகப் பேச்சில் இருக்கிறது. பொரளைக் காணியின் பெறுமதியைப் பற்றித்தான் அந்தப் பேச்சில் அதிகம் கேட்கிறது. கராண்டிருவை 2002 இல் மூடினார்கள். மூடிய பிறகு, இடிப்பதற்கு முன், பபென்கோ கமராவோடு உள்ளே போய்ப் படத்தின் சில பகுதிகளை அந்தக் கட்டடங்களிலேயே எடுத்தார். அந்த டிசம்பரில் வெடி வைத்துக் கட்டடங்களைச் சரித்தார்கள். அந்தப் புழுதியும் படத்தின் முடிவில் இருக்கிறது. இப்போது அங்கே பூங்கா. பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்து மெட்ரோ நிலையத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் இன்னும் ‘கராண்டிரு’ என்றுதான் இருக்கிறது.